நான் ஜெயித்த ஆட்டங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் அம்மை கண்டு எனக்குப் பார்வை போய்விட்டது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள்.

கல்லூரியில் எனக்குப் பாடம் படித்துக் காட்டியவன் என் வகுப்பு நண்பன். மந்தைவெளியில் வீடு, கிறிஸ்தவக் குடும்பம். அவனுடைய அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. சனிக்கிழமை மதியமானால் நான் அவன் வீட்டில்தான் இருப்பேன். கொஞ்ச நேரம் பாடம் நடக்கும். பிறகு அரட்டை, அக்கா போடும் காபி, மறுபடி அரட்டை.

அந்த வீட்டில் எல்லோருக்கும் விளையாட்டுப் பைத்தியம். கேரம் போர்டு கூடத்திலேயே கிடக்கும். சீட்டுக்கட்டு ஜன்னலில் இருக்கும். அவர்கள் ஆடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் போய் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தாயம் என்றால் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால், "உன் காய் இங்க நிக்குது, அவன் காய் உனக்குப் பின்னால நிக்குது, இப்ப எதை நகர்த்தணும்?" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது பிடிக்காது. யாரும் எனக்கு எதையும் சொல்லத் தேவையில்லாத ஓர் ஆட்டம் வேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை. கடைகளில் அப்படி எதுவும் கிடையாது. நாமே ஒன்றைச் செய்தால் என்ன என்று ஒரு நாள் நண்பனிடம் கேட்டேன். அவ்வளவுதான், அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

எனக்கு நன்றாகத் தெரிந்தது பஸ். எந்த ஸ்டாப் என்று யாரையும் கேட்காமல் இறங்குவேன். மீன் வாடையும் உப்புக் காற்றும் வந்தால் சாந்தோம். மல்லிகையும் கற்பூரமும் கலந்து வந்தால் குளக்கரை. ரயில் சத்தத்தோடு ஜனக்கூச்சலும் சேர்ந்து கேட்டால் மாம்பலம். அதனால் பஸ்ஸையே ஆட்டமாக்கினோம். ஒரு சதுரப் பலகை. அதில் வரிசையாகத் துளைகள். அவைதான் சாலைகள். ஸ்டாப் வரும் இடத்தில் மட்டும் துளையைச் சுற்றி ஒரு பள்ளம். நண்பன் பக்கத்துத் தெருத் தச்சரிடம் துளைபோடும் கருவியை இரவல் வாங்கி, கையில் கொப்புளம் வரும்வரை அவனே எல்லாத் துளைகளையும் போட்டான். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போய் மூன்று மரமுளைகள் வாங்கி வந்தோம். ஒன்றுக்கு உருண்டைத் தலை, ஒன்றுக்குத் தட்டைத் தலை, இன்னொன்றின் கழுத்தில் ஒரு வெட்டு. அவைதான் எங்கள் பஸ்கள். புளியங்கொட்டைதான் பயணிகள். தாயக்கட்டையை உருட்டினால் அதில் குத்தியிருக்கும் புள்ளிகளைக் கட்டைவிரலால் நானே தடவிப் பார்த்துக்கொள்வேன்.

சட்டம் ரொம்ப எளிமை. விழுகிற எண்ணுக்கு பஸ்ஸை நகர்த்த வேண்டும். ஸ்டாப்பில் இருக்கும் பயணியை ஏற்றிக்கொண்டு இன்னொரு ஸ்டாப்பில் இறக்க வேண்டும். இறக்கிய பயணிக்கு ஒரு பாயிண்ட். முதலில் இருபது பாயிண்ட் சேர்ப்பவருக்கு ஜெயம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு புதுப் பயணி வந்து நிற்பார். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் ரயில்வே கேட் மூடிவிட்டதாக அர்த்தம், ஒரு முறை சும்மா நிற்க வேண்டும். ஆட்டத்துக்கு 'கடைசி பஸ்' என்று பெயர் வைத்தோம்.

ஒரு வருஷத்துக்கு மேல் சனிக்கிழமை தவறாமல் ஆடினோம். நான், நண்பன், நோட்டு திருத்திக்கொண்டே ஆடும் அக்கா. ஆடுவது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது, சட்டத்தை மாற்றுவது, மறுபடி ஆடுவது. ஒரு பஸ்ஸில் எத்தனை பேர் ஏறலாம், இரண்டு பஸ் ஒரே ஸ்டாப்பில் நின்றால் யாருக்குப் பயணி என்றெல்லாம் மணிக்கணக்காக வாதாடுவோம்.

பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். எப்போதாவது அக்கா. நண்பன் ஜெயித்ததாக எனக்கு நினைவே இல்லை. அடையாறில் பயணியை ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே இறக்காமல், ஊரைச் சுற்றி தி.நகர்வரை கொண்டு போவான். அதற்குள் நான் ஆட்டத்தை முடித்துவிடுவேன்.

"என்னடா இப்படி ஆடறே?" என்று சிரிப்பேன்.

"எனக்கு மூளை அவ்ளோதான்டா" என்பான்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரியில் எல்லோரிடமும் என் ஆட்டத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். எனக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. என் அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். படிப்பு முடிந்ததும் இவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அவரும் அம்மாவும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கண் தெரியாதவனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்கு அடிக்கடி மறந்துபோகும். இந்த ஆட்டம் கடையில் விற்க ஆரம்பித்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று நான் நம்பினேன்.

அப்பாவின் முதலாளிக்கு ஒரு தம்பி. அதே தெருவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். தெற்கத்திக்காரர், எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா தயங்கித் தயங்கிப் பேசி, அவரைச் சந்திக்க ஒரு நாள் வாங்கித் தந்தார். பிடித்திருந்தால் நூறு பலகை செய்யச் சொல்கிறேன் என்று அவர் சொன்னாராம்.

அந்த வாரம் நண்பன் கொஞ்சம் தயங்கினான்.

"இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போலாம்டா. பக்கத்து ஸ்டாப்ல இறக்கினாலும் ஒரு பாயிண்ட், தூரத்துல இறக்கினாலும் ஒரு பாயிண்ட்னா சரியா வருமா? தூரத்துக்கு ஏத்த மாதிரி வச்சா என்ன?"

நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் கேட்கிறது. "ஒரு தடவைகூட ஜெயிக்காதவன் எனக்குச் சட்டம் சொல்றியா?"

அவன் பலகையைத் துணியில் சுற்றிக் கட்டினான்.

பண்டிகைக் கூட்டம் ஓய்ந்திருந்த ஒரு மதியம் கடைக்குப் போனோம். மாடியில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அண்ணாச்சியின் குரலில் நல்ல வாஞ்சை இருந்தது. "வெளையாட்டு எப்படின்னு சொல்லுங்க தம்பி, கேப்போம்" என்றார். நான் சொல்லி முடித்ததும் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ண மூடிக்கிட்டே ஆடலாம் போலுக்கே!" என்று வியந்தார். கடைப் பையன்கள் இரண்டு பேரை என்னோடு ஆடச் சொன்னார். அப்பாவும் தேநீர் நேரத்தில் மேலே வந்து சுவரோரமாக நின்றுகொண்டார். அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன்.

முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். அவர்கள் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில், பையன்களில் ஒருவன் மற்றவனிடம் சொன்னான்:

"மச்சி, இன்னாத்துக்கு ஊரெல்லாம் சுத்திக்கினு கீறே? மாம்பலமும் தி.நகரும் அடுத்தடுத்த ஸ்டாப்பு, நடுவுல சும்மா போய்க்கினு வந்துக்கினு இரு. அள்ளிக்கினே இருக்கலாம்."

நான் லஸ்ஸிலிருந்து அடையாறுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் அவன் கையில் புளியங்கொட்டைகள் குலுங்கின. மூன்றாவது ஆட்டத்தில் இருவருமே அப்படி ஆடினார்கள். நான் மந்தைவெளியைத் தாண்டவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது. நான்காவது ஆட்டத்தை ஆட யாருக்கும் விருப்பமில்லை. யார் அந்த இடத்தை முதலில் பிடிக்கிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள், மற்றவர்கள் சும்மா கட்டை உருட்ட வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "நல்லா யோசிச்சிருக்கீங்க தம்பி. ஆனா இத இப்படியே வித்தா வாங்குனவுக ரெண்டாம் நாளே திருப்பிக் கொண்டாந்துருவாக. அந்த ஓட்டைய மட்டும் அடச்சுட்டு எடுத்துட்டு வாங்க. நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்றார்.

அப்பா கீழே இறங்கிப் போனார். படிக்கட்டில் அவர் நடை மெதுவாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் நண்பன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குள் ஏதோ ஒன்று மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு கடைப் பையனுக்கு இரண்டாவது ஆட்டத்தில் தெரிந்த விஷயம், துளையெல்லாம் தன் கையால் போட்டவனுக்கு ஒரு வருஷமாகத் தெரியாமலா இருந்திருக்கும்?

"உனக்கு இது முன்னாடியே தெரியும்" என்றேன்.

மடியிலிருந்த பலகையை அவன் நகர்த்தினான்; அதன் விளிம்பு என் முழங்கையில் பட்டது.

"வேணும்னேதான் தோத்தியா?"

"டேய், வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"குருடன்தானே, ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு பாவம் பாத்தியா?"

"அதில்லடா. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைலேருந்து எனக்குப் படிச்சுக் காட்டவும் வர வேணாம்."

நான் கத்தியது பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். கண்டக்டர் விசில் ஊதுவதைக்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார். குளக்கரையில் இறங்கினேன். அவனும் இறங்கி, வழக்கம்போல என் கையைப் பிடிக்க வந்தான். உதறிவிட்டு, பலகையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். ஒரு சைக்கிளில் மோதிக்கொண்டேன். வீடு வரும்வரை எனக்குப் பின்னால் கொஞ்ச தூரம் தள்ளி அவன் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் அது திரும்பிப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்கே புத்தகத்தோடு வந்தான். அம்மாவிடம் நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "அவன்... இல்லப்பா" என்று இழுத்தாள். அவனுக்குப் புரிந்திருக்கும். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்னும் இரண்டு முறை வந்தான். பிறகு வரவில்லை. வேறொரு பையனைப் பிடித்துப் பாடம் கேட்டேன். அவன் முழுங்கி முழுங்கிப் படிப்பான். எப்படியோ பாஸ் ஆனேன்.

ஆட்டத்தின் ஓட்டையை அடைப்பது பெரிய காரியமே இல்லை. தூரத்துக்கு ஏற்ற பாயிண்ட், அவன் சொன்ன அதே திருத்தம்தான். ஆனால் அதைச் சரியா என்று ஆடிப் பார்க்க எனக்கு ஆள் இல்லை. ஆள் இல்லை என்பதைவிட, வேறு யாரோடும் ஆட மனசில்லை. அண்ணாச்சி அப்பாவிடம் இரண்டொரு முறை விசாரித்தாராம். நான் போகவில்லை. அம்மா அந்தப் பலகையைக் கொல்லையில், குளிக்கிற இடத்தில் காலடியில் போட்டுவிட்டாள். துளை இருப்பதால் தண்ணீர் தேங்காது என்றாள். தினமும் குளிக்கும்போது அடையாறும் மந்தைவெளியும் என் உள்ளங்காலில் தட்டுப்படும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ஒரு மழைக்காலத்தில் அது உளுத்துப்போயிற்று.

படிப்பு முடிந்து எனக்கு ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. நண்பன் துபாய்க்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சில வருஷங்கள் ஓடின.

ஒரு நாள் மாலை லஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். "தம்பி, என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். நண்பனின் அக்கா. அந்தக் குரலை மறக்க முடியுமா? அவருக்குக் கல்யாணமாகி அதே மந்தைவெளியில்தான் இருந்தார். நலம் விசாரித்துக்கொண்டோம். பஸ் வரவில்லை. பேச்சு தானாகவே அவனிடம் போயிற்று.

"வர்ற லீவுக்கெல்லாம் உன்னைப் பத்திக் கேப்பான். ஏன் தம்பி அப்படி ஒரேயடியா விட்டுட்டே?"

"பாவம் பார்த்து என்னோட பழகினவன்கூட எப்படிக்கா இருக்கறது?" என்றேன். இத்தனை வருஷம் கழித்தும் என் குரலில் அந்த விறைப்பு இருந்தது.

அக்கா சட்டென்று, "பாவமா? உன்னையா?" என்றார். "எதிர்ல விளக்குக் கம்பம் இருக்குன்னு சொல்லாம உன்னை இடிக்க விட்டுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சவன் அவன். கண்ணு தெரியாததுக்கு அவன் என்னைக்கு உன்னைப் பாவம் பாத்தான்?"

"அப்புறம் ஏன் தோத்தான்?"

"உனக்கு நிஜமாவே ஞாபகமில்லையா? முதல் நாளே அவன் அந்த மாம்பலம் வழியைக் கண்டுபிடிச்சு ஜெயிச்சுட்டான். நீ பலகையைத் தட்டிவிட்டுட்டே. 'இப்படியெல்லாம் எவனாவது பஸ் ஓட்டுவானா, நீ ஆட்டத்தையே கெடுக்கறே'ன்னு கத்திட்டு எழுந்து போனே. ரெண்டு வாரம் எங்க வீட்டுப் பக்கமே வரல. புளியங்கொட்டை எல்லாம் பீரோவுக்கு அடியில ஓடிப்போய், நான்தான் விளக்குமாத்தை விட்டு எடுத்தேன்."

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. அடித்தவன் மறந்துவிடுவான் என்பார்களே, அப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, கொட்டைகள் சிமெண்டுத் தரையில் சிதறி ஓடும் சத்தம் எங்கிருந்தோ எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

"நானும் கேட்டேன் அவனை. 'ஏன்டா இப்படி ஆடறே, அவனுக்கு எடுத்துச் சொல்லேன்'னு. அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அவனுக்குத் தோக்கத் தெரியாதுக்கா. ஜெயிச்சாத்தான் அடுத்த வாரம் வருவான். வரட்டுமே'ன்னான். உன் கண்ணுக்காக இல்ல தம்பி. உன் கோவத்துக்காக."

பஸ் வந்தது. அக்கா ஏறிப் போய்விட்டார். என் பஸ்ஸும் வந்து போயிற்று. நான் ஏறவில்லை.

இத்தனை வருஷமும் என் கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் என்னைப் பாவம் பார்த்திருக்கிறார்கள். சாலையில் நான் கேட்காமலே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் விட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லோர்மேலும் இருந்த ஆத்திரத்தை இவன் ஒருவன்மேல் கொட்டினேன். இவனோ, என்னைக் கண் தெரியாதவனாக அல்ல, ஒரு முன்கோபக்காரனாக மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

அடுத்த முறை அவன் லீவில் வந்திருப்பதாக அக்கா சொல்லி அனுப்பினார். மந்தைவெளி வீட்டுக்குப் போனேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "மன்னிச்சுடுடா" என்று ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

கதவைத் திறந்ததும், "வாங்க, வாங்க" என்றது அவன் குரல்.

எனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்து நான் ஒதுங்கி நின்றேன். யாரும் வரவில்லை.

"உக்காருங்க. எப்படி இருக்கீங்க?" என்று கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான். அத்தர் வாசனை அடித்தது. ரொம்ப மரியாதையாக, ரொம்ப ஜாக்கிரதையாகப் பேசினான். என் வேலை, அவன் வேலை, துபாய் வெயில். அவன் 'டேய்' என்று ஒரு முறை கூப்பிட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். 'நீங்க' என்று பேசுகிறவனிடம் 'மன்னிச்சுடுடா' என்று எப்படிச் சொல்வது? மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்காதான், "என்ன, ரெண்டு பேரும் விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கீங்க? ஒரு ஆட்டம் போடுங்க" என்று தரையில் சாக்பீஸால் தாயக் கட்டம் போட்டார். யார் காய் எங்கே இருக்கிறது என்று அவரே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆட ஆட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நண்பனும் ஒன்றிரண்டு முறை சிரித்தான். பழைய சிரிப்புதான்.

என் கடைசிக் காய் பழம் ஏறும் நிலைக்கு வந்துவிட்டது; ஏறினால் ஜெயம். அவன் காய் எனக்குப் பின்னால், சரியாக ஐந்து கட்டத்தில் நிற்கிறது என்றார் அக்கா. அவன் உருட்டினான். கட்டைகள் உருண்டு நின்றன.

"அஞ்சு! வெட்டுடா!" என்று அக்கா கைதட்டினார்.

காய் நகரும் சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன். வெட்டுடா, வெட்டுடா என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு வேறு எங்கோ இருந்த ஒரு காயை அவன் ஐந்து கட்டம் நகர்த்தினான்.

அடுத்த உருட்டலில் என் காய் பழமாயிற்று. "ஜெயிச்சுட்டீங்க" என்றான் நண்பன். அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. அவர்கள் குடும்பமே பிற்பாடு ஊரை விட்டுப் போய்விட்டது.

என் மகள் இதை எழுதிக்கொண்டு வரும்போதே நடு நடுவில் நிறுத்தி, "அப்பா, இந்த இடத்துல தப்பு உங்கமேலதான்" என்கிறாள். இன்றும் யாராவது என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னால் முதலில் சுருக்கென்று கோபம்தான் வருகிறது. மறுகணமே, நல்லவேளை, இவள் இன்னும் என்னிடம் தோற்றுக்கொடுக்க ஆரம்பிக்கவில்லை என்று மனசு ஆறிவிடுகிறது.